தொடுதிரைக்கு ஏற்ற எழுதுகோல் எது?

எழுதும் கருவியும் எழுதப்படும் பரப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஓலைக்கு எழுத்தாணியும், கற்பலகைக்குப் பலப்பமும், காகிதத்திற்கு மைப்பேனாவும் தற்செயலாக அமைந்தவை அல்ல. அந்தந்தப் பரப்பின் இயல்பை நெடுங்காலம் பழகி அறிந்தே மக்கள் அதற்குரிய கோலை வகுத்துக்கொண்டனர். இக்காலத்தில் பள்ளிகளையும் அலுவலகங்களையும் வந்தடைந்துள்ள தொடுதிரைக்கு மட்டும், எல்லோர்க்கும் எட்டக்கூடிய அத்தகைய கோல் இன்னும் அமையவில்லை. இத்திரை விரலுக்கென வகுக்கப்பட்டது. எழுத்தைப் பற்றிய எண்ணம் பின்னரே எழுந்தது.

இதனை அற்பமான குறை என்று தள்ளிவிட இயலாது. ஆந்திரப் பிரதேச அரசாங்கம் 2022 டிசம்பரில் 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏறத்தாழ 5 லட்சம் பலகைக் கணினிகளை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிகளில் ‘டேப்’ என்று வழங்கும் இக்கருவிக்குச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பள்ளிகளும் புறம்பானவை அல்ல. நாடெங்கும் அங்கன்வாடிப் பணியாளர் 2021 முதல் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் கைப்பேசியில் ‘போஷண் டிராக்கர்’ வழியாகப் பதிவு செய்து வருகின்றனர். பயிர்க் கணக்கும் நில அளவையும் படிப்படியாகத் திரைக்கு மாறிவருகின்றன. இக்கருவிகளை வாங்கும்போது அவற்றின் வேகம், நினைவகம், மின்கலத்தின் ஆயுள் ஆகியவை பற்றிப் பேசப்படும் அளவிற்கு, அவற்றின்மீது எதைக்கொண்டு எழுதுவது என்பது பற்றிப் பேசப்படுவதில்லை.

சிறந்த எழுதுகோலைக் கண்டுபிடிக்கும் முயற்சி உலகெங்கும் நடந்துவருகிறது. அம்முயற்சியின் பெரும்பகுதி கோலின்மீதே கருத்தைச் செலுத்துகிறது. கோலைத் திரையிலும் தேடவேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்து. கூரிய பென்சில் முனையை உணரவல்ல திரையை அரசாங்கம் கேட்டு வாங்குமாயின், எழுதுகோல் எந்தச் சிற்றூரிலும் மிகக் குறைந்த விலையில் கிடைக்கக்கூடிய பொருளாகிவிடும்.

பரப்பைப் பக்குவப்படுத்திய கைவினை

இக்கருத்திற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருப்பதியை அடுத்த ஸ்ரீகாளஹஸ்தியில் துணியின்மீது கோல்கொண்டு சித்திரம் எழுதும் ‘கலம்காரி’ என்னும் கைவினை தொன்றுதொட்டு நடந்துவருகிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவ்வூர் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நலிந்துவந்த இக்கலையைக் காப்பதற்காக 1957-இல் இங்கு ஒரு பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. கமலாதேவி சட்டோபாத்யாயரின் ஊக்கமே அதற்குத் துணைநின்றது. இவ்வூர்க் கலம்காரி பின்னர்ப் புவிசார் குறியீடும் பெற்றது.

கலம்காரிக் கோலின் அமைப்பு மிக எளியது. கூர்மையாகச் சீவிய ஒரு மூங்கிற்குச்சி. நுனிக்குச் சற்று மேலே துணியோ கம்பளி இழையோ சுற்றி நூலால் கட்டிய ஒரு சிறு பொதி. அப்பொதி சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தினால் சாயம் நுனிக்கு இறங்கும். கோலில் இதற்கு மேல் நுட்பம் ஏதும் இல்லை. நுட்பம் முழுவதும் துணியைப் பக்குவப்படுத்துவதில் இருக்கிறது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலிலுள்ள கொழுப்பு, சாயம் இழையோடு பரவிக் கோடு தடித்துப் போகாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள், இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்துப் பெற்ற சாயத்துடன் கூடி, கரிய நிறத்தை உண்டாக்குகிறது. பக்குவப்படுத்தாத துணியில் இதே கோல், இதே கை, இதே சாயம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் தெளிவான கோடு விழாது.

பரப்பைச் செம்மை செய்தால் கோல் எளிதாக இருக்கலாம். பரப்பைக் கவனியாது விட்டால் கோலில் எவ்வளவு நுட்பத்தைப் புகுத்தினாலும் போதாது. இவ்வுண்மை கண்ணாடித் திரைக்கும் பொருந்தும். அதனை விளக்குவதற்கு முன், திரை தொடுகையை எவ்வாறு அறிகிறது என்பதைச் சிறிது காண்பது நலம்.

திரை தொடுகையை உணரும் விதம்

மின்தேக்கத் தொடுதிரை பற்றிய கருத்தை 1965-இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரிலிருந்த ராயல் ரேடார் நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் வெளியிட்டார். ஒரே வேளையில் பல விரல்களை உணரும் கருவியை 1982-இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா அமைத்தார். 2007-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐஃபோன் வெளிவந்தபின் பல்விரல் தொடுதிரை பொதுமக்களிடையே பரவியது.

இத்திரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்தும் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. அண்டைப் பட்டைகளுக்கு இடையே பொதுவாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். குறுக்குப் பட்டையும் நெடுக்குப் பட்டையும் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு நுண்ணிய மின்தேக்கி ஆகும். மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் நெருங்கும்போது அவ்விடத்து மின்புலத்தின் ஒரு பகுதி விரலுக்குள் இழுக்கப்படுகிறது. மின்தேக்குத்திறன் மிகச் சிறிதளவு குறைகிறது. அக்குறைவு ஒரு பிகோஃபாரடிலும் சிறியது. திரையின் கட்டுப்பாட்டுச் சில்லு வினாடிக்கு 60 முதல் 120 தடவை வரை எல்லாச் சந்திப்புக்களையும் அளந்து, எங்கே குறைவு ஏற்பட்டது என்று கணக்கிட்டு, விரலின் இருப்பிடத்தை அறிகிறது.

இதிலிருந்து மூன்று விளைவுகள் தோன்றுகின்றன. முதலாவது, தொடும் பொருள் மின்சாரத்தைக் கடத்துவதாயும் கையோடு தொடர்புடையதாயும் இருக்கவேண்டும். வெறும் பிளாஸ்டிக் குச்சியைத் திரை அறியாது. பஞ்சு சுற்றிய குச்சியைச் சிறிது நனைத்து, அதன்மேல் விரல் படும் இடம் வரை அலுமினியத் தாளைச் சுற்றினால் திரை அதனை அறியும்; ஆசிரியர்கள் வகுப்பில் இதனை எளிதில் செய்து காட்டலாம். 2010-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தென்கொரிய மக்கள் கையுறையைக் கழற்ற மனமின்றிச் சிறு இறைச்சிக் குழலைக்கொண்டு கைப்பேசியை இயக்கினர் என்ற செய்தி பரவியதும் இவ்விதியால்தான்.

இரண்டாவது, தொடும் பரப்பு போதிய அளவு பெரிதாக இருக்கவேண்டும். விரல்நுனி திரையில் படியும் அகலம் ஏறத்தாழ 7 முதல் 10 மில்லிமீட்டர். முனை சிறுத்தால் குறிப்பும் சிறுக்கும். பட்டைகளின் இடைவெளியைவிட மிகக் குறுகிய முனை எழுப்பும் குறிப்பு, மின்னிரைச்சலில் அமிழ்ந்துவிடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கோல்களின் நுனியில் பருத்த ரப்பர்க் குமிழ் இருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது, பல்விரல் திரை எல்லாத் தொடுகையையும் ஒருங்கே ஏற்கும். எழுதுபவர் கையைத் திரைமீது ஊன்றினால், உள்ளங்கையின் ஓரமும் எழுத்தாகப் பதிவாகிவிடும். கையை ஊன்றாமல் அந்தரத்தில் நிறுத்தி எழுதுவதோ எவர்க்கும் கடினமான காரியம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது மேலும் கடினம்.

புள்ளிக்கு நேரும் இடர்

இக்குறைகள் ஆங்கில எழுத்தை எழுதுவோர்க்கும் உண்டு. எனினும் தமிழும் தெலுங்கும் எழுதுவோர்க்கு அவை மேலும் கடுமையானவை. தமிழில் மெய்யெழுத்தைக் காட்டுவது ஒரு புள்ளி. ‘பல்’ என்பதில் புள்ளி தவறினால் அது ‘பல’ ஆகிவிடும். தெலுங்கில் தகர வரிசையைச் சார்ந்த சில எழுத்துக்கள் நடுவில் இடும் ஒரு சிறு புள்ளியாலோ, அடியில் இடும் ஒரு சிறு கோட்டாலோ மட்டுமே வேறுபடுகின்றன.

எழுதுபவர் புள்ளியிடும்போது கோல் திரையைத் தொட்டு உடனே விலகுகிறது. அது 40 மில்லிவினாடி நீடிப்பதாகக் கொள்வோமாயின், வினாடிக்கு 60 தடவை அளக்கும் திரை அதனை இரண்டு அல்லது மூன்று முறைக்கு மேல் காண்பதற்கில்லை. மின்னிரைச்சலையும் உண்மைத் தொடுகையையும் பிரித்தறிய வேண்டி, ஒரு முறை மட்டும் தோன்றும் குறிப்பைச் சில்லு தள்ளிவிடுவது உண்டு. ஆகவே புள்ளி பதியாமலே போகலாம். பதிந்தாலும், எழுத்தின் பகுதியாகக் கொள்ளாமல் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டியதாகச் செயலி கருதிவிடலாம். 8 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை 6 மில்லிமீட்டர் அகலமுள்ள குமிழ்கொண்டு எழுதும் குழந்தைக்குத் தான் இட்ட புள்ளி எங்கே விழுந்தது என்பதும் தெரியாது. குமிழே எழுத்தை மறைத்து நிற்கும்.

கருவியின் குறையால் எழுத்தின் ஓர் உறுப்பு மறைவது தமிழுக்குப் புதிதன்று. திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் முதலாகப் பல இடங்களில் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. தமிழ் ஓலைச்சுவடிகளைக் கண்டோர், அவற்றில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பதை அறிவர். கூரிய எழுத்தாணியால் குத்தினால் ஓலையில் துளை விழும் என்பதே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்கு இலக்கணம் விதித்த புள்ளியும் அவ்வாறே வழக்கொழிந்தது. குறிலும் நெடிலும் மயங்கும் இடர்ப்பாட்டைத் தீர்க்கப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுத்துச் சீர்திருத்தம் செய்ய நேர்ந்தது. ஓலை எழுதியவர்க்குச் சந்தர்ப்பம் நோக்கிப் படிக்கும் பயிற்சி இருந்தது. எழுதவே இப்பொழுதுதான் கற்கும் குழந்தைக்கு அப்பயிற்சி ஏது?

கையெழுத்தின் பயன் பற்றிய ஆராய்ச்சியும் இங்கு நினைவிற்குரியது. 2012-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் ஆகிய இருவரும் இன்னும் படிக்கக் கற்காத ஐந்து வயதுக் குழந்தைகளின் மூளை இயக்கத்தை ஆராய்ந்தனர். எழுத்தைக் கையால் தாமே எழுதிப் பழகிய பின்னர், படிப்பிற்குரிய மூளைப் பகுதிகள் தூண்டப்பட்டன. விசையைத் தட்டியோ, வரைந்துள்ள கோட்டின்மீது தடவியோ பழகிய பின்னர் அவ்வாறு நிகழவில்லை. திரையில் தோன்றும் எழுத்தின்மீது விரலால் தடவும் பயிற்சி, தாமே எழுதும் பயிற்சிக்கு ஈடாகாது என்று கருத இது இடமளிக்கிறது.

இதுவரை வகுக்கப்பட்ட கோல்கள்

திரையில் எழுதும் ஆசை கணினியின் இளமைக் காலத்திலேயே தோன்றியது. 1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் கோலுடன் கூடிய ஒரு வரைபலகையை அமைத்தது. அதன் விலை 18,000 டாலர். அதன்பின் வந்த முறைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

ரப்பர்க் குமிழ்க் கோல் முதல் வகை. இது மலிவானது, ஆயினும் நுட்பமற்றது. இரண்டாவது, கூரிய முனையில் ஒளிபுகும் சிறு வட்டத் தட்டைப் பொருத்திய கோல். தட்டு விரலின் அகலத்தைத் திரைக்குக் காட்ட, எழுதுபவரோ தட்டினூடே முனையைக் காண்கிறார். கருத்து அழகியதே, எனினும் தட்டு தேய்ந்தும் கழன்றும் போகக்கூடியது.

மூன்றாவது, மின்கலம் உள்ள கோல். இது தானே ஒரு மின்குறிப்பை நுனி வழியாக அனுப்புகிறது. ஆகவே முனை ஒரு மில்லிமீட்டர் அளவிற்குச் சிறுத்திருக்கலாம். அழுத்தத்தையும் சாய்வையும் தெரிவிக்கலாம். கோல் எது, உள்ளங்கை எது என்பதையும் திரை ஐயமின்றி அறியும். கோல் வேண்டாம் என்ற கொள்கையோடு 2007-இல் ஐஃபோனை வெளியிட்ட ஆப்பிள் நிறுவனமே 2015-இல் ‘ஆப்பிள் பென்சில்’ என்ற இவ்வகைக் கோலை விற்கத் தொடங்கியது கருதத்தக்கது. நான்காவது, ஜப்பானிய வாக்கம் நிறுவனம் வளர்த்த மின்காந்த ஒத்ததிர்வு முறை. இதில் கோலுக்கு மின்கலம் வேண்டியதில்லை. திரைக்குப் பின்னுள்ள கம்பிச் சுருள்களிலிருந்து கோல் ஆற்றலைப் பெறுகிறது. சாம்சங் நிறுவனத்தின் ‘கேலக்ஸி நோட்’ 2011-இல் இம்முறையைக் கைப்பேசிக்குக் கொணர்ந்தது. எனினும் இதற்குத் திரையின் பின்னே ஒரு தனிப் படலம் தேவை.

மூன்றாம், நான்காம் வகைக் கோல்கள் திறமையுடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சில வகைகளின் விலை பல ஆயிரம் ரூபாய். ஒரு கருவியின் கோல் மற்றொன்றில் வேலை செய்யாமல் போவதும் உண்டு; இக்குறையை நீக்கவே 2015-இல் பல நிறுவனங்கள் கூடிப் பொது விதியொன்றை வகுக்க முற்பட்டன. மின்கலம் தீர்ந்தால் கோல் வெறும் குச்சியாகும். வகுப்பில் 40 குழந்தைகளின் 40 கோல்களை நாள்தோறும் மின்னூட்டுவது ஓர் ஆசிரியரின் பணியில் சேர்க்கத் தக்கதன்று. ஒரு கோல் தொலைந்தால் அதற்குப் பொறுப்பாகும் அங்கன்வாடிப் பணியாளரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்நாட்டின் அனுபவம்

கோலும் திரையும் கூடிய கருவியை இந்நாட்டிலேயே வகுக்கும் முயற்சி சித்தூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் நடந்தது. இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். எழுத்தறியாதவரும் இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க ஒரு கைக்கணினியை மலிவாக அளிப்பது அவர்களின் நோக்கம். அக்கருவியைக் கோலால் இயக்கவேண்டும். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உற்பத்தி செய்த ‘அமிடா சிம்ப்யூட்டர்’ 2004-இல் வெளிவந்தது. எதிர்பார்த்த அளவு அது விற்பனையாகவில்லை. எனினும் கோலையும் திரையையும் சிற்றூர் மக்களின் தேவையையும் ஒருங்கே கருதிய முயற்சி என்ற பெருமை அதற்கு உண்டு.

2011 அக்டோபரில் மத்திய அரசாங்கம் மாணவர்களுக்கென வெளியிட்ட ‘ஆகாஷ்’ பலகைக் கணினி மற்றொரு படிப்பினை தருகிறது. முதல் ஆகாஷின் திரை அழுத்தத்தால் இயங்கும் மின்தடை வகையைச் சேர்ந்தது. மரக்குச்சி, நகம், மூடிய பேனா ஆகிய எதைக்கொண்டும் அவ்வகைத் திரையில் நுட்பமாகக் குறியிடலாம். ஆனால் விரலுக்கு அது மந்தமானது என்ற குறை எழுந்தது. 2012 நவம்பரில் வந்த இரண்டாம் ஆகாஷ் மின்தேக்கத் திரையைப் பெற்றது. விரலுக்கு நன்மை கிட்டியது. அதே வேளையில், எந்தக் குச்சியும் எழுதுகோலாகும் வசதி மறைந்தது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்த இம்மாற்றமே அடுத்து வந்த பலகைக் கணினிகளிலும் நிலைத்துவிட்டது.

எழுத்தை அறியும் மென்பொருளிலோ இந்நாடு பின்தங்கியிருக்கவில்லை. பெங்களூரிலிருந்த எச்.பி. ஆய்வகம் மின்கோலால் எழுதிய தமிழ் எழுத்துக்களைத் திரட்டி, 156 வேறுபட்ட வடிவங்களாக வகைப்படுத்தி, 2006-இல் நடந்த பன்னாட்டு எழுத்தறிதல் போட்டிக்கு அளித்தது. எழுத்தை அறியும் மூளை ஆயத்தமாக இருக்க, எழுதும் கை மட்டும் கோலின்றி நிற்கிறது.

பென்சில் காட்டும் வழி

2013-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ‘எக்ஸ்பீரியா இசட் அல்ட்ரா’ என்னும் பெரிய கைப்பேசியில் சாதாரணப் பென்சிலாலும், உலோக முனையுள்ள பேனாவாலும் எழுத முடிந்தது. தனிக் கோல் ஏதும் தேவைப்படவில்லை. பென்சிலின் உள்ளீடு மின்சாரத்தைக் கடத்தும் கிராஃபைட். முனை சிறியதாயினும், திரையின் கட்டுப்பாட்டுச் சில்லு அச்சிறு குறிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தறியும் கூர்மை பெற்றிருந்தது. வேறு சில நிறுவனங்களும் இவ்வழியை முயன்றன. இவ்வகைத் திரைகள் சந்தையில் பரவலாக நிலைபெறவில்லை எனினும், இச்செயல் இயலக்கூடியதே என்பது நிறுவப்பட்டுவிட்டது.

கூர்முனையை உணரும் திரையால் உள்ளங்கைச் சிக்கலும் பெரிதும் தீர்கிறது. கோலின் முனை 1 அல்லது 2 மில்லிமீட்டர். விரல்நுனி 7 முதல் 10 மில்லிமீட்டர். உள்ளங்கையோ பல சென்டிமீட்டர். மூன்றின் அளவும் தெளிவாக வேறுபடுவதால், மிகச் சிறியதை எழுத்தென்றும், நடுத்தரத்தை விரலென்றும், பெரியதைப் புறக்கணிக்கத்தக்கதென்றும் மென்பொருள் பிரித்துக்கொள்ளலாம். பருத்த குமிழையும் விரலையும் இவ்வாறு பிரித்தறிவது இயலாது. வினாடிக்கு 120 தடவைக்குக் குறையாமல் அளக்கும் திரையாயின் புள்ளியும் தப்பாது.

கோலைப் பொறுத்தவரை வேண்டுவன சிலவே. கிராஃபைட் முனை; அம்முனையிலிருந்து விரல் படும் இடம் வரை மின்தொடர்பு; குழந்தையின் கைக்கு ஏற்ற பருமன். மூங்கிலோ மரமோ உடலாக இருக்கலாம். அதன்மேல் ஒரு மெல்லிய தாமிரக் கம்பி இருந்தால் மின்தொடர்பு உறுதியாகும். கிராஃபைட் கண்ணாடியைவிட மிக மென்மையானது. ஆகவே கண்ணாடி கீறப்படும் என்ற அச்சத்திற்கு அதனால் இடமில்லை. திரைமீது படிந்த மணலே கீறக்கூடியது; எழுதுமுன் துடைத்தல் நன்று. கண்ணாடியின் வழுக்கலைக் குறைக்க, சொரசொரப்பான மெல்லிய படலத்தை ஒட்டலாம். மார்க்காபூர்க் கற்பலகையில் பலப்பம் பிடிப்போடு ஓடுவதுபோல, படலம் ஒட்டிய திரையில் கோல் குழந்தையின் கைக்கு அடங்கி ஓடும்.

சில மறுப்புக்கள்

இனிக் குரலே போதும், எழுத்து எதற்கு என்று சிலர் வினவலாம். குரலறி மென்பொருள் விரைவாக முன்னேறி வருவது உண்மையே. எனினும், எழுதக் கற்கும் குழந்தைக்குக் குரல் மாற்றாகாது. வயலின் எல்லையை வரைந்து காட்டவோ, கிணற்றின் இடத்தைக் குறிக்கவோ, சந்தை இரைச்சலில் ஒரு குடும்பத்தின் விவரங்களைப் பதியவோ கோலே ஏற்றது. பிறர் காதில் விழக்கூடாத நோய் விவரத்தைச் செவிலியர் உரக்கச் சொல்லிப் பதிவதும் முறையன்று.

கூர்மையான திரைக்குச் செலவு மிகும் என்பது இரண்டாவது மறுப்பு. சில்லின் விலை ஓரளவு உயரும் என்பது மெய். மின்னூட்டும்போது எழும் இரைச்சல் இவ்வகைத் திரைக்கு இடையூறு செய்யும் என்பதும் மெய். அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வைப் பென்சில் முனை தெரிவிக்காது என்பதும் மெய். ஆயினும் திரைக்கு ஒரு முறை கொடுக்கும் கூடுதல் விலையை, ஒவ்வொரு கோலுக்கும் திரும்பத் திரும்பக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சித்திரக்காரர்க்கு அழுத்த வேறுபாடு இன்றியமையாதது. அகர வரிசை எழுதும் சிறுவனுக்கும் எடைக் குறிப்பு எழுதும் பணியாளருக்கும் அஃது இன்றியமையாததன்று.

கோல் தொலைந்துபோகும் என்பது மூன்றாவது. விலை மிகுந்த பொருள் தொலைந்தால் கவலை. பென்சில் தொலைந்தால் மற்றொரு பென்சில்.

இவ்வட்டாரம் செய்யக்கூடியது

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இம்முயற்சிக்கு வேண்டிய உறுப்புக்கள் பலவும் அருகருகே உள்ளன. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீ சிட்டி தொழில் நகரில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2015-இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பதியை அடுத்து மின்னணு உற்பத்திக்கென்றே தொழில் தொகுதிகள் அமைந்துள்ளன. திருப்பதிக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையே ஏர்ப்பேட்டில் 2015-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் உள்ளன. மூங்கிலைச் சீவிக் கோல் செய்யும் கை ஸ்ரீகாளஹஸ்தியில் இருக்கிறது. தெலுங்கும் தமிழும் பயிலும் குழந்தைகள் இவ்வட்டாரப் பள்ளிகளில் உள்ளனர். இவற்றை ஒரு வேண்டுகோளால் இணைப்பதே அரசாங்கத்தின் கடமை.

அவ்வேண்டுகோள் நீண்டதாக இருக்கத் தேவையில்லை. அரசாங்கம் இனி வாங்கும் பலகைக் கணினி, 2 மில்லிமீட்டர் அகலமுள்ள மின்கலமற்ற முனையை உணரவேண்டும், கை ஊன்றியிருக்கும்போதும் உணரவேண்டும், புள்ளியைத் தவறவிடலாகாது. இம்மூன்று நிபந்தனைகளைக் கொள்முதல் விதியில் சேர்த்தால், லட்சக்கணக்கில் விற்க விரும்பும் நிறுவனங்கள் அவற்றிற்கு இணங்கத் திரையை அமைத்துத் தரும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் சோதனை முறையை வகுக்கலாம். அருகிலுள்ள தொழில்நுட்பக் கழகம் சோதனையை நடத்தலாம்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தம்மிடமுள்ள கருவியை அவர்களே சோதித்து அறியலாம். கையைத் திரைமீது ஊன்றி, ‘க்’ என்ற எழுத்தை 20 தடவை இயல்பான வேகத்தில் எழுதுக. எத்தனை புள்ளிகள் பதிந்தன என்று எண்ணுக. உள்ளங்கையால் விழுந்த வீண்கோடுகளையும் எண்ணுக. பின்னர் மின்னூட்டியில் இணைத்து ஒரு முறையும், விரல் ஈரமாயிருக்கும்போது ஒரு முறையும், நண்பகல் வெயிலில் ஒரு முறையும் இதனையே செய்க. கருவியின் பெயர், கோலின் வகை, தவறிய புள்ளிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து மேலதிகாரிக்கு அனுப்புக. இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், பணச்செலவும் இல்லை. ஒரு மாவட்டத்தில் நூறு பள்ளிகள் இதனைச் செய்து அனுப்பினால், கொள்முதல் செய்வோர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட இயலாது.

கருவி வழங்கியவுடன் கடமை முடிந்தது என்று கருதும் வழக்கம் நீங்கவேண்டும். குழந்தை இடும் ஒரு சிறு புள்ளியைக்கூடப் பிழையின்றி ஏற்கும் திரையே கல்விக்குரிய திரை. அத்தகைய திரையைக் கேட்டு வாங்கும் உரிமை அரசாங்கத்திடம் இருக்கிறது. கேட்பதற்கு வேண்டிய சான்றைத் திரட்டும் வாய்ப்பு ஆசிரியர் கையில் இருக்கிறது.